பர்மா தேக்கில் தொடங்கி ஒட்டுப்பலகையில் முடிந்த 96 துண்டுகள்

எங்கள் ஊர் வீட்டு வளவில் (முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) பதித்திருக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் தரையைப் படமெடுத்து, அதைப் பலகையில் ஒட்டி, மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் ஸ்க்ரோல் சா இயந்திரத்தால் 96 துண்டுகளாக அறுத்து, கண்புரை அறுவை முடிந்து வீட்டோடு இருந்த என் அப்பத்தாவுக்கு ஒரு ஜிக்சா புதிராகக் கொடுத்த வேலையைப் பற்றிய பதிவு இது. மொத்த வேலையும் மூன்று மாதம் இழுத்தது. அதில் உண்மையில் அறுப்பதற்கு ஆனவை நான்கு மாலைப்பொழுதுகள்தான். மீதி நாள்களெல்லாம் மரத்தில் ஒன்று, இயந்திரத்தின் மேசையில் ஒன்று என இரண்டு தவறுகளைக் கண்டுபிடிப்பதில் போயின.

மரத்தில் நடந்த தவறுக்கு ஆசைதான் காரணம். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடித்த வீடுகளிலிருந்து வந்த தூண்களும் நிலைகளும் சன்னல் சட்டங்களும் சுவரோரம் சாய்ந்து நிற்பதைப் பார்த்துப் பழகிய எவருக்கும், செட்டிநாட்டு வீட்டுத் தரையைப் புதிராக்குவதென்றால் பர்மா தேக்கில்தான் ஆக்கவேண்டும் என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒரு பழைய அலமாரிக் கதவின் நடுப்பலகையை வாங்கி வந்து, எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரியிடம் கொடுத்து, 6 மில்லிமீட்டர் கனத்துக்கு இரண்டு பலகைகளாக அறுத்து இழைத்துத் தரச் சொன்னேன். "எதுக்கு ஆச்சி இம்புட்டு மெலிசா?" என்று கேட்டார். விவரத்தைச் சொன்னதும் பதிலேதும் பேசாமல் இழைத்துக் கொடுத்தார். அந்த மௌனத்தை அன்றைக்கு நான் சரியாகப் படிக்கவில்லை.

முதல் முயற்சிக்கு 300க்கு 200 மில்லிமீட்டர் பலகையை 50 மில்லிமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஆறு நெடுக்கு, நான்கு குறுக்கு, ஆக 24 துண்டுகள் என வரைந்துகொண்டேன். தேக்கில் இரண்டு தொல்லைகள் உடனே தெரிந்தன. அதில் இயல்பாகவே உள்ள எண்ணெய் காரணமாகப் படம் ஒட்டிய வெள்ளைப் பசை ஓரங்களில் பிடிக்கவில்லை. தின்னரால் துடைத்த பிறகே பிடித்தது. அந்த மரத்தில் நுண்ணிய மணற்சத்து உண்டு என்பதால், பிளேடின் பல் நான் எதிர்பார்த்ததில் பாதித் தூரம் போவதற்குள் மழுங்கியது. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கமுடியாதது அறுத்து முடித்த பிறகு நடந்தது. 24 துண்டுகளுக்கிடையே 38 இணைப்புகள் இருந்தன; ஒவ்வொன்றிலும் ஒரு துண்டின் குமிழ் அடுத்த துண்டின் குழிக்குள் பூட்டிக்கொள்ளும். அவற்றில் மரத்தின் இழை ஓடும் நெடுக்குத் திசையில் நீட்டிய குமிழ்கள் 20. இழைக்குக் குறுக்காக நீட்டியவை 18. நெடுக்குக் குமிழ்களில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. குறுக்குக் குமிழ்களில் இரண்டு அறுக்கும்போதே போயின. மேலும் மூன்று, முதல் முறை கோத்துப் பிரித்தபோது கழுத்தில் முறிந்து குழிக்குள்ளேயே தங்கிவிட்டன.

முறிந்த துண்டுகளை ஆசாரியிடம் காட்டினேன். "குறுக்கு இழையில கழுத்தை மெலிசாக்கினா அது பிஸ்கட்டு மாதிரித்தான் ஆச்சி" என்றார். இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்கு, "சொன்னா நீங்க பண்ணாம இருந்திருப்பீகளா?" என்றார். இருந்திருக்க மாட்டேன்.

காரணம் எளிது. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நார்க்கட்டு. குமிழின் கழுத்து இழையின் திசையிலேயே நீளும்போது, அந்த நார்கள் கழுத்து வழியாகத் தொடர்ந்து ஓடித் துண்டின் உடலைப் பற்றிக்கொள்கின்றன. கழுத்து இழைக்குக் குறுக்கே நீளும்போதோ, ஐந்து மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் கழுத்தில் ஐந்து மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டுப்பட்ட குட்டை நார்கள் மட்டுமே பக்கம் பக்கமாக ஒட்டி நிற்கின்றன; விரலால் நெம்பினால் பிளந்துவிடுகின்றன. எவ்வளவு உயர்ந்த மரமானாலும் இந்த விதி மாறாது.

அப்படியானால் தொடக்ககாலப் புதிர்களைத் திடமரத்தில் எப்படிச் செய்தார்கள் என்ற கேள்வி எழுந்தது. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடச் செதுக்காளர், நாடுகளின் படத்தை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி எல்லைக்கோடுகள் வழியே அறுத்து, புவியியல் கற்கும் பிள்ளைகளுக்காக விற்றார். அந்த எல்லைகளில் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும் குமிழ்கள் கிடையாது. வளைவும் நெளிவுமாக ஒன்றன் பக்கத்தில் ஒன்று உட்காரும், அவ்வளவுதான். முறியக் கழுத்து இல்லாததால் திடமரம் அதற்குத் தாங்கியது. துண்டுகள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் இன்றைய வடிவம் பரவியதற்கு, இழைகளை மாற்றி மாற்றிக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகை, புதிர் செய்பவர்களின் கைக்கு வந்ததும் ஒரு காரணம். பிளைவுட்டை மட்டமான சரக்காகவே நினைத்துவந்த எனக்கு, இந்த வேலைக்கு அதுதான் உயர்ந்த மரம் என்று ஏற்றுக்கொள்ளச் சில நாள்கள் பிடித்தன.

கடையில் 6 மில்லிமீட்டர் பிளைவுட் கேட்டால் எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுப்பார்கள். ஓரத்தைப் பார்த்து வாங்கவேண்டும். சிலவற்றில் நடுவே கனத்த ஒரே அடுக்கும் மேலும் கீழும் காகிதம்போன்ற தோலுமாக மூன்றே அடுக்குகள் இருக்கும். அதில் குமிழின் வலிமை மறுபடி ஒரே திசைக்குப் போய்விடும். ஐந்து அடுக்குகள் ஏறத்தாழச் சமமாக உள்ளதையே எடுத்தேன். இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 710 முத்திரையுள்ள நீர் தாங்கும் பலகை அடர்த்தியாக இருந்தாலும், அதன் கருத்த பசை அடுக்கு மெல்லிய பிளேடை விரைவில் தின்றுவிடுகிறது. வீட்டுக்குள் கிடக்கப்போகும் புதிருக்கு ஐ.எஸ். 303 வகையே போதும். உள்ளே அடுக்கு விட்டுப்போன பொள்ளல் இருக்கிறதா என்று காசால் தட்டிப் பார்த்தேன். ஆனாலும் ஒன்று தப்பிவிட்டது. பின்னால் அறுத்த ஒரு துண்டின் வயிறு வெறுமையாக இருந்தது. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தேன்.

படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தப் புதிரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. எங்கள் பூக்கல் எட்டு அங்குலச் சதுரம். மூன்று கல் நீளம், இரண்டு கல் அகலம் கொண்ட பகுதியைப் பாதி அளவுக்குச் சுருக்கினால் ஏறத்தாழ 300க்கு 200 மில்லிமீட்டரில் அடங்கும். ஒவ்வொரு கல்லும் 100 மில்லிமீட்டர் சதுரமாகும். 25 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் கல்லுக்குப் பதினாறு துண்டுகள், ஆறு கல்லுக்கு 96. கணக்கு இவ்வளவு அழகாக விழுந்ததில் மகிழ்ந்து கட்டம் போட்டு முடித்த பிறகே அதிலிருந்த கொடுமை உறைத்தது. பூக்கல்லின் கோலம் கால் சுற்றுச் சுற்றினாலும் அதே கோலமாக நிற்பது. ஆகவே ஒரு கல்லின் பதினாறு கட்டங்களில் உண்மையில் வெவ்வேறானவை நான்கே; ஒவ்வொன்றும் அக்கல்லில் நான்கு முறையும் ஆறு கல்லிலும் சேர்த்து 24 முறையும் வரும். அதாவது 96 துண்டுகளிலும் சேர்த்து நான்கே படங்கள்! கோலத்தைக் கணினியில் புதிதாக வரைந்து அச்சிட்டிருந்தால், எண்பது வயதைக் கடந்தவரை உட்காரவைத்துத் தண்டிக்கும் கருவியாகத்தான் அது ஆகியிருக்கும்.

காப்பாற்றியது தரையின் பழமை. ஆத்தங்குடியில் பூக்கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் கூழைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டு மணலும் பிறகு ஈரக் கலவையும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். கல்லின் மினுமினுப்பு அந்தக் கண்ணாடி தந்தது. கையால் ஊற்றியதால் பச்சை ஓரிடத்தில் மஞ்சளுக்குள் அரை நூல் கசிந்திருக்கும். ஓரிடத்தில் சிவப்பின் விளிம்பு வளைந்திருக்கும். அதற்கு மேல் பல பத்தாண்டுகளின் கால்தேய்வு. ஒரு கல்லின் மூலையில் மயிரிழை விரிசல். இன்னொரு கல்லின்மேல் என்றோ நின்ற ஏதோ ஒரு மரச்சாமானின் கால் விட்டுப்போன மங்கலான வட்டம். ஆகவே படத்தை எந்த ஒப்பனையும் செய்யாமல், காலையில் வெயில் வளவுக்குள் இறங்குவதற்குமுன் ஏணியின் உச்சியிலிருந்து செங்குத்தாகக் கீழ்நோக்கி எடுத்து, பளபளப்பில்லாத தாளில் அச்சிட்டேன். கூடுதலாக, கட்டக்கோடுகளை நேராக விடாமல் கையாலேயே நெளித்து வரைந்து, குமிழ்களைச் சிறிதும் பெரிதுமாக, சிலவற்றைத் தலை சாய்ந்தவையாக மாற்றினேன். துண்டு தவறான இடத்தில் உட்கார்ந்து ஏமாற்றாமல் இருக்க, இத்தகைய படத்துக்கு இது கட்டாயம்.

ஒட்டும்போது ஒரு பாடம். தாளைப் பலகையின் ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால், பசை காயும்போது தாள் சுருங்கிப் பலகையைக் கிண்ணம்போல வளைக்கும். பின்முகத்திலும் அதே கனமுள்ள வெற்றுத்தாளை ஒட்டினால் இரு பக்க இழுப்பும் சமமாகும். அறுக்கும்போது அடிப்பக்கம் சிலாம்பு தெறிப்பதும் குறையும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் வெள்ளைப் பசை உருளையைத் தேய்த்து முடிப்பதற்குள் ஆடை கட்டிவிடுகிறது என்பதால், இந்த வேலையை விடியற்காலையில் செய்து, இரண்டு தட்டைப் பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே ஆட்டுக்கல் குழவியை ஏற்றி ஒரு நாள் முழுதும் விட்டேன்.

இனி இயந்திரம். என்னுடையது மேசைமேல் வைக்கும் சிறிய வகை. பிளேடுக்கும் பின்தூணுக்கும் இடையே 16 அங்குல இடைவெளி. பிளேடு நிமிடத்துக்கு 400 முதல் 1,600 முறை வரை ஏறியிறங்குமாறு வேகத்தை மாற்றலாம். வளவுத் தரை கண்ணாடி போன்றதாதலால், ஓட்டியதும் இயந்திரம் முக்காலியோடு சேர்ந்து நடக்கத் தொடங்கியது. கனமான பலகையில் போல்ட் போட்டு முடுக்கி, அடியில் ரப்பர் விரிப்பு போட்டதும் நின்றது. உடன் வந்த பிளேடுகள் இரு முனையிலும் குறுக்கு ஊசி கொண்டவை. ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் அகலம். அத்தனை அகலமான பிளேடு சிறு குமிழைச் சுற்றித் திரும்பாது. ஊசியில்லாத, 2/0 எண் கொண்ட பிளேடுகளைத் தனியாக வரவழைத்தேன். அதன் அகலம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கனம் கால் மில்லிமீட்டர். நீளம் எல்லாவற்றுக்கும் ஐந்து அங்குலம்தான்.

புதிய பிளேடு, புதிய பிளைவுட். ஓரத்தில் ஒரு வரிசையை அறுத்துப் பார்த்தேன். துண்டுகள் கீழ்ப்புறமாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்தன. மேல்புறமாக இழுத்தால் அசையவில்லை. முதலில் பிசிர் என்று நினைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். பிறகு பசை என்று நினைத்தேன். இரண்டு வாரம் இப்படியே போனது. கடைசியில் ஆசாரியின் சிறிய மூலைமட்டத்தை இரவல் வாங்கி மேசைமேல் நிறுத்திப் பிளேடோடு ஒட்டிப் பார்த்தபோது, மேசையின் சாய்மானி சுழியத்தைக் காட்டிக்கொண்டிருக்க, பிளேடுக்கும் மட்டத்துக்கும் இடையே மேலே வெளிச்சம் தெரிந்தது. சாய்வு ஏறத்தாழ 3 பாகை. 6 மில்லிமீட்டர் கனத்தில் 3 பாகைச் சாய்வு என்பது மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இடையே 0.31 மில்லிமீட்டர் விலகல். பிளேடு விட்டுச்செல்லும் தடமோ கால் மில்லிமீட்டர். விலகல் தடத்தைவிட அதிகமாகும்போது குமிழ் ஒரு ஆப்பாக மாறிவிடுகிறது. கூம்பின் அகன்ற பக்கமாக வெளியே வரும், குறுகிய பக்கமாக வராது. இதுவே ஒரு பாகையாக இருந்தால் விலகல் 0.1 மில்லிமீட்டர்தான், தடத்துக்குள் அடங்கிவிடும், தவறு இருப்பதே தெரிந்திருக்காது.

மூலைமட்டத்தைவிட நுட்பமான சோதனை ஒன்றைப் பிறகு பழகிக்கொண்டேன். இரண்டு அங்குல உயரமுள்ள மரக்கட்டை ஒன்றில் பிளேடால் ஆழமில்லாத ஒரு கீறல் போட்டு, இயந்திரத்தை நிறுத்தி, கட்டையை மேசைமேல் அரைச்சுற்றுச் சுற்றிப் பிளேடின் முதுகுப்பக்கம் கொண்டுபோய், அந்தக் கீறல் பிளேடின் மேல் தானாக உட்காருகிறதா என்று பார்க்கவேண்டும். மேசை சாய்ந்திருந்தால், சுற்றியதில் அந்தச் சாய்வு இரட்டிப்பாகித் தெரியும். சாய்மானியின் முள்ளை நம்புவதை அன்றோடு விட்டேன். ஒவ்வொரு மாலையும் முதல் வேலை இந்தக் கட்டைதான்.

மேசை சரியான பிறகும் வளைவுகளில் மட்டும் சில துண்டுகள் முரண்டுபிடித்தன. அது பிளேடின் முறுக்கம் போதாததால். தளர்ந்த பிளேடைப் பக்கவாட்டில் தள்ளும்போது அதன் நடு வயிறு புடைக்கிறது. தடமும் பீப்பாய்போல் புடைக்கிறது. விரலால் சுண்டினால் 'டப்' என்று செத்த ஒலி வராமல் 'ணங்' என்று தெளிவாக ஒலிக்கும்வரை முறுக்கி, பலகையைத் தள்ளுவதைப் பாதியாகக் குறைத்தேன். இந்த வேலையில் கை பலகையைத் தள்ளுவதில்லை, சுற்றுகிறது. குமிழின் தலையைச் சுற்றும்போது பிளேடு இருந்த இடத்திலேயே நிற்க, பலகைதான் அதைச் சுற்றி வரவேண்டும். பற்கள் உருவாக்கப்படும் முறையால் ஒரு பக்கத்தில் நுண்பிசிர் நின்றுவிடுவதால் பிளேடு நேர்க்கோட்டில் பக்கவாட்டாக இழுக்கும். பலகையைச் சில பாகை சாய்த்துப் பிடித்து அதற்கு ஈடுகட்டுவது அரைமணி நேரத்தில் கைக்கு வந்துவிடும்.

பலகை முழுவதும் நீலநிறக் காகித டேப்பை ஒட்டி, அதன்மேல் கட்ட வரைவை ஒட்டினேன். வேகம் 800ஐ ஒட்டி. முதலில் நீளவாக்கில் ஏழு அறுப்புகள் போட்டு எட்டுப் பட்டைகளாக்கி, பிறகு ஒவ்வொரு பட்டையிலும் பதினோரு அறுப்புகள். அறுத்த துண்டுகளை அதே வரிசையில் ஒரு தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டே வரவேண்டும். இல்லையென்றால் இந்தப் படத்தில் அறுத்தவருக்கே வழி தெரியாது. மொத்த அறுப்பின் நீளம் நேர்க்கோடாகப் பார்த்தால் 4.3 மீட்டர், 172 குமிழ்களின் சுற்றையும் சேர்த்தால் ஏழு மீட்டர் அளவுக்கு வரும். ஏழு பிளேடுகள் செலவாயின. ஒன்று நடுவே அறுந்தது; மற்றவற்றை மழுங்கியதும் நானே மாற்றினேன். மழுங்கியதற்கு அடையாளம், கை அறியாமல் அழுத்தத் தொடங்குவது. பிளேடருகே பலகையை அழுத்திப்பிடிக்கும் கம்பிக்காலை, துண்டுகளைத் திருப்ப இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றிவிட்டேன்; அப்படிச் செய்தால் இரு பக்கமும் விரல்களால் பலகையை மேசையோடு அழுத்தியே பிடிக்கவேண்டும், இல்லையேல் பிளேடு மேலேறும்போது பட்டையைத் தூக்கி அடிக்கும். ஒரு முறை அடித்தது. நகத்தில் நீலம் கட்டியது ஒரு மாதம் இருந்தது. மூக்குக்கு என்95 முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி. வளவில் மாவுபோல் படிந்த தூளைப் பார்த்த அப்பத்தா, பச்சரிசி மாவு இடித்த காலத்தில்கூட இவ்வளவு இல்லை என்றார்.

அறுத்து முடித்ததும் எல்லாத் துண்டுகளையும் கோத்து, மேலே ஒரு பலகையை மூடி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் கவிழ்த்து, பின்முகத்தை 320 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தேன். தனித்தனியாகத் தேய்த்தால் விளிம்பு மழுங்கிப் பொருத்தம் கெடும். முறிந்த தேக்குப் புதிரின் இரட்டையாக மிச்சமிருந்த இரண்டாவது பலகை, அடுக்கி வைக்கும் தட்டின் சட்டமாயிற்று. ஆசாரி மூலைகளைக் கோத்துக் கொடுத்தார். தேக்குக்கு அது ஏற்ற வேலை; நீண்ட நெடுக்கு இழை, மெல்லிய கழுத்து எங்கும் இல்லை.

அப்பத்தா முதல் நாள் ஓரத் துண்டுகளை மட்டும் பொறுக்கி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். இரண்டாம் நாள் நான் நினைத்ததற்கு மாறாக, அவர் கோலத்தைப் பார்க்கவே இல்லை. மங்கலான அந்த வட்டத்தின் துண்டுகளைத்தான் தேடினார். அது தானியக் குதிர் நின்ற இடம் என்றும், அதை எடுத்து விற்றது இன்ன ஆண்டு என்றும், விரிசல் விழுந்தது என் அத்தையின் கல்யாணத்தில் அண்டாவை இறக்கியபோது என்றும் சொல்லிக்கொண்டே, தழும்புகளைச் சுற்றி வெளிநோக்கி அடுக்கிக்கொண்டு போனார். நான்கு நாளில் முடித்தார். அவருக்குத் தெரியாமல் நான் நேரம் பார்த்து அடுக்கியபோது, கோலத்தை நம்பியதால், ஒரு கல்லைத் தாண்டுவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

மூன்றாவது வாரத்தில் ஒரு துண்டு தொலைந்தது. ஓலைக்கூடையான கொட்டானைக் கவிழ்த்து, பாயை உதறித் தேடியும் கிடைக்கவில்லை. சுற்றியுள்ள துண்டுகளை இறுக்கமாகக் கோத்து, வெற்றிடத்தின்மேல் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து விளிம்பைப் படியெடுத்தேன். அந்த வெற்றிடம் தொலைந்த துண்டைவிடச் சுற்றிலும் ஒரு பிளேடு தடம் பெரியது என்பதால், கோட்டுக்கு உட்பக்கமாகச் சற்று ஒதுங்கியே அறுக்கவேண்டும். பழைய படக்கோப்பிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் மறுபடி அச்சிட்டு, மீதமிருந்த பிளைவுட்டில் ஒட்டி, இரண்டு துண்டுகளைக் கெடுத்து மூன்றாவதில் பொருத்தினேன். கண்ணுக்கு வித்தியாசமில்லை. ஆனால் குழிப்பக்கம் ஒரு மயிரிழை தளர்வு உண்டு. அப்பத்தா ஒவ்வொரு முறையும் துண்டுகளைக் கொட்டியதும் விரலால் தடவி அந்த ஒன்றை மட்டும் எடுத்து மடியருகே தனியே வைத்துவிட்டு, மற்ற 95ஐயும் அடுக்கிய பிறகே அதைப் போடுகிறார்.